இடது பக்கத்து மூன்று பலகை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் போய் ‘சுயம்பு எங்கே இருப்பார்?’ என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். ‘பேழை சுயம்பு’ என்று கேட்டுப் பாருங்கள், ஐந்து பேர் கை காட்டுவார்கள். அந்த ஐந்தில் மூன்று பேராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை. மனுஷன் பைபிளில் பெருவெள்ளத்துக்குத் தப்பிய நோவாவின் பேழையைப் பற்றிப் பேசிப் பேசி அவர்கள் உயிரை எடுத்து வைத்திருந்தார்.

மர விசைப்படகுக்கு மேலே ஃபைபர் போர்த்துவது அவர் தொழில். பலகையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கண்ணாடி இழை விரிப்பை அதன்மேல் பரப்பி, ரெசின் பசையைப் பூசி, உருளையால் அழுத்தி அழுத்தி மரத்தோடு ஒட்டவைக்க வேண்டும். இறுகிவிட்டால் மரத்துக்கு இன்னொரு தோல் போட்ட மாதிரி. தண்ணீர் அண்டாது. ஆனால் அதில் ஒரு சங்கதி உண்டு. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது, பிடித்தமாதிரி நடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. நாலு மாதமோ ஆறு மாதமோ கழித்து மரம் தனி, தோல் தனி என்று ஆகி, பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறும்.

இதைச் சோதித்துப் பார்க்க சுயம்பு ஒரு வழி வைத்திருந்தார். ஒரு முழம் பாலித்தீன் தாளை மரத்தின்மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுவார். ஒரு நாள் வெயில் பட்டபின் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் மரம் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். வேர்க்கவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம். தாள் வேர்த்தால் படகுக்காரர் காலில் விழுந்தாலும் அவர் உருளையைத் தொடமாட்டார். அந்தப் பிடிவாதத்துக்காக அவரைத் திட்டாத படகுக்காரர் காசிமேட்டில் கிடையாது. வேலை கொடுக்காதவரும் கிடையாது.

ஊர் மார்த்தாண்டம் பக்கம். பத்தொன்பது வயதில் யானைக்கவுனியில் இருந்த சித்தப்பாவின் இரும்புச் சாமான் கடைக்கு வந்து சேர்ந்தார். ஒரு வருஷம்கூட அங்கே தங்க முடியவில்லை. வந்த வாடிக்கையாளரிடம் “இந்தக் கதவுக் கீலு துருப் பிடிச்சிரும், வாங்காதீங்கண்ணே” என்று சொல்கிறவனை எந்தக் கடைக்காரர் வைத்துக்கொள்வார்? சித்தப்பா இரு கையும் கூப்பி வழியனுப்பிவைத்தார். அங்கிருந்து காசிமேட்டுக்கு வந்து, படகு வேலைக்காரர்களோடு ஒட்டிக்கொண்டு, ஃபைபர் வந்த காலத்தில் ஃபைபரைக் கற்றுக்கொண்டார். ரோஸ்மேரியைக் கட்டினார். கல்மண்டபத்தில் மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. ஒரே மகள், ஷெர்லின்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆண்கள் மட்டும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுகிற வழக்கம் அவர்கள் சபையில் உண்டு. போதகர் அந்த அரைமணி நேரத்தைச் சுயம்புவின் தலையில் கட்டிவிட்டார். மற்றவர்கள் தாவீது, தானியேல் என்று போவார்கள். சுயம்புக்கு அவர்களெல்லாம் ஆகாது. வேதத்தில் எவன் கையில் உளியும் ஊசியும் இருந்ததோ அவன்தான் அவருக்கு ஆள்.

“ஆண்டவரு நோவாகிட்ட நல்லா ஒரு கப்பல் கட்டுன்னு பொதுவா சொல்லிட்டுப் போனாரா?” என்று ஆரம்பிப்பார். “இல்ல. இன்ன மரம், இத்தன முழம் நீளம், இத்தன முழம் அகலம், கீலுன்னா தாரு மாதிரி, அத உள்ளயும் பூசு, வெளியயும் பூசு. வெளிய பூசுனத ஊரு பாக்கும். உள்ள பூசுனத எவன் பாக்கப்போறான்? எவனும் பாக்காத எடத்துல சொன்னபடி செஞ்சான் பாருங்க, அதுதான் கீழ்ப்படிதல். மத்ததெல்லாம் வாய்ப்பாட்டு.”

அடுத்த வாரம், மோசே காலத்தில் ஆண்டவரைத் தொழுவதற்கு ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேல் வருவார். “ஆண்டவரு தன் ஆவிய ஊத்தி நெரப்புனாருன்னு மொதல்ல யாரப் பத்திச் சொல்லியிருக்கு? ராஜாவயா? தீர்க்கதரிசியயா? ஒரு கைவேலக்காரன. கொக்கி அடிச்சவன, திரை தச்சவன. வேல முடிஞ்சதும் மோசே ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாரு. சொன்னபடியே செஞ்சிருந்தாங்க. அப்பறந்தான் ஆசீர்வாதம் பண்ணுனாரு. பாக்கறதுக்கு முன்னால பண்ணல.”

எதைத் தொடங்கினாலும் கடைசியில் பேழைக்கே வந்து நிற்பார். “நோவா கட்டுன பேழையில ஏறுனது யாரு? ஊர்க்காரனா? அவன் பெஞ்சாதி, அவன் புள்ளைங்க, அவன் மருமக்க. நீங்க கட்டுற எதுலயும் உங்க வூட்டுப் புள்ளதான் ஏறப்போவுதுன்னு நெனச்சிக் கட்டுங்க.”

கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. ஒரே ஒருவன் மட்டும் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோல வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் பெயர் அபின். குளச்சல் பையன், வேலப்பன் என்பவரின் ‘கார்குழலி’ என்ற விசைப்படகுக்கு டிரைவர். வேலப்பன் தன் மகள் பெயரையே படகுக்கு வைத்திருந்தார். அபின் பேழைக் கதையைக் கேட்க வந்தானா, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஷெர்லினைப் பார்க்க வந்தானா என்று ரோஸ்மேரிக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம். சந்தேகம் சரிதான். கல்யாணம் நடந்தது, ரேச்சல் பிறந்தாள். மகளும் மருமகனும் அதே கட்டிடத்தில் கீழ்வீட்டுக்குக் குடிவந்தார்கள். கட்டிக்கொண்ட பிறகும் அபின் பேழைக் கதையைக் கேட்பதை நிறுத்தவில்லை என்பதுதான் சுயம்புக்குப் பெருமை. மகன் இல்லாத வீட்டில் அவன் மகனாகவே இருந்தான்.

இப்படிப்பட்ட மனுஷன்தான் போன வருஷம் ஜூன் மாதத்தில் அதைச் செய்தார்.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பழுது பார்ப்பதெல்லாம் அந்த நாட்களில்தான். கார்குழலிக்கு முன்பக்கம் இடதுபுறத்தில் மூன்று பலகை உளுத்துப்போயிருந்தது. அதைப் பெயர்த்துவிட்டுப் புதுப்பலகை அடித்தார்கள். அந்த நேரம் பார்த்து வங்கக் கடலில் ஒரு புயல் சின்னம் வந்து மே மாதக் கடைசியில் ஆறு நாள் விடாமல் மழை பெய்தது. புதுமரம் அவ்வளவையும் குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

ஜூன் பத்தாம் தேதி சுயம்பு பாலித்தீன் தாளை உரித்துப் பார்த்தார். உள்ளே வேர்த்திருந்தது. இன்னும் பத்து நாள் வெயில் வேண்டும். தடைக்காலம் முடிய நாலு நாள்தான் இருந்தது. தடை முடிந்த முதல் வாரத்தில் கிடைக்கிற மீன் அப்புறம் வருஷம் முழுக்கக் கிடைக்காது. எல்லாப் படகும் போய், தன் படகு மட்டும் கரையில் நிற்பதை எந்த உரிமையாளர் பொறுத்துக்கொள்வார்?

வேலப்பன் பக்கத்திலேயே நின்றார். “இன்னா மாமு, ஆவுமா ஆவாதா? பசங்க ரெண்டு மாசமா சும்மா குந்திகினு கீறானுங்க. உன் மருமவனும் அதுல ஒருத்தன்தான். நான் அவசரப்படுத்தல, நீ சொல்றதுதான். காஞ்சிகீதுன்னா சொல்லு, இல்லன்னா வுட்டுடலாம்.”

வேலப்பன் வற்புறுத்தியிருந்தால்கூட சுயம்பு வழக்கம்போல முடியாது என்று சொல்லியிருப்பார். பாவி மனுஷர், விட்டுவிடலாம் என்று சொல்லித் தொலைத்தார். அதுதான் சுயம்புவை அசைத்தது. ரேச்சலை அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பணம் வேண்டும் என்று ஷெர்லின் நாளைக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்ததும் மனதில் ஓடியது. “சாயங்காலம் சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில், அலமாரிமேல், வாக்குத்தத்தப் பெட்டி இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: விசுவாசிகள் வீட்டில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும், அதில் வசனம் அச்சடித்த சீட்டுகள் அடுக்கியிருக்கும். மனம் குழம்பும்போது கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை உருவுவார்கள். சுயம்பு உருவினார். சந்ததி கடற்கரை மணல்போலப் பெருகும் என்கிறமாதிரி ஏதோ வந்தது. இது இதற்கில்லை என்று திரும்பச் செருகிவிட்டு இன்னொன்றை உருவினார். உன் கைவேலையை நான் ஆசீர்வதிப்பேன், பயப்படாதே என்கிறமாதிரி வந்தது. அவருக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. முழங்கால் போட்டு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். முதல் சீட்டைச் செருகிவிட்டு இரண்டாவதை எடுப்பது எந்த ஊர் ஜெபம் என்று கேட்காதீர்கள். செய்யாத விசுவாசி யாராவது இருந்தால் அவர் கேட்கட்டும்.

திரும்பி வந்தபோது அபின் படகின் அருகே நின்றிருந்தான். பலகையை விரல் கணுவால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, மரம் காஞ்சிட்டா?”

“காஞ்சிட்டு மாப்ள” என்றார் சுயம்பு. சொல்லிக்கொண்டே, காலையில் உரித்தபின் மறுபடி ஒட்டியிருந்த தாளைக் கிழித்து, அதன் உள்பக்க ஈரத்தைத் தன் லுங்கியில் துடைத்துவிட்டுச் சுருட்டி எறிந்தார். அபின் வேறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளில் வேலை முடிந்தது. அந்தப் பலகைமேல் படகின் பெயரை எழுதுகிறவரை அபினே கூட்டிவந்தான். ஜூன் பதினைந்தாம் தேதி விடியற்காலையில் கார்குழலி மற்றப் படகுகளோடு கடலுக்குப் போனது.

ஜூலை போனது. ஆகஸ்ட் போனது. ஒவ்வொரு தடவை படகு திரும்பும்போதும் சுயம்பு போய் அந்த இடது பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. செப்டம்பரில் தடவிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஆண்டவர் சொன்னபடி ஆசீர்வதித்துவிட்டார் என்று நம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சாட்சியாகக்கூடச் சொல்லியிருக்கிறார், பெயர் எதையும் குறிப்பிடாமல்.

அக்டோபர் மூன்றாம் வாரம், பழவேற்காட்டுக்கு நேர் கிழக்கே, காற்றும் அலையும் எழும்பிய ஒரு மத்தியானத்தில் கார்குழலி மூழ்கியது. ஆறு பேர் போனதில் ஐந்து பேரை இன்னொரு படகு தூக்கிவந்தது. அபின் வரவில்லை. முன்பக்கத்தில் ‘டம்’ என்று சத்தம் கேட்டதாம், தண்ணீர் உள்ளே வந்ததாம், பம்ப்பை ஓடவிடுகிறேன் என்று அபின் இன்ஜின் அறைக்குள் இறங்கினானாம். மூன்றாம் நாள் எண்ணூருக்கு வடக்கே உடல் ஒதுங்கியது. துறைமுகத்துக்குப் போகிற பெரிய கப்பல் ஏதாவது உரசியிருக்கும் என்றார்கள். ராட்சத அலை என்றார்கள். சபையில் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். சுயம்புவும் அடக்கத்தில் நின்று அதற்கு ஆமென் சொன்னார். அதுவரை அவருக்கே நிச்சயம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் வேலப்பன் வந்தார். பாதிக் கதவு அளவுக்கு ஒரு ஃபைபர் தகட்டைக் கையில் பிடித்திருந்தார். மிதந்துகொண்டிருந்த வலையை வேறு படகுக்காரர்கள் எடுத்தபோது கயிற்றில் சிக்கியிருந்ததாம். அதில் ‘குழலி’ என்ற மூன்று எழுத்து அழியாமல் இருந்தது. “அபினு எழுதவச்ச பேரும்மா. உன்கிட்டயே இருக்கட்டும்” என்று ஷெர்லினிடம் கொடுத்துவிட்டு அழுதார்.

ஷெர்லின் அதை வாங்குவதற்குள் சுயம்பு கை நீட்டி வாங்கிவிட்டார். வாங்கியதும் திருப்பிப் பார்த்தார். தொழில் பழக்கம். ஒட்டியிருந்த ஃபைபர் பிய்ந்து வந்தால் அதன் முதுகில் மரச்சிராய் அப்பிக்கொண்டு வரும், ஆட்டுத் தோலை உரிக்கும்போது சதை ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி. இதில் ஒரு சிராய்கூட இல்லை. கருப்பாக, வழவழவென்று இருந்தது. எந்தக் கப்பலும் உரசவில்லை. ஈர மரத்திலிருந்து தோல் தானாகக் கழன்றிருந்தது. தகட்டை மகளிடம் கொடுத்தார். அவள் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் அபினின் போட்டோவுக்குக் கீழே, எழுத்து வெளியே தெரிய, முதுகு சுவரைப் பார்க்கச் சாய்த்துவைத்தாள்.

அன்றிலிருந்து அந்த மூன்று எழுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேத்தியைத் தூக்கப் போனால் அது. சாப்பாடு கொடுக்கப் போனால் அது. ஆண்கள் கூட்டத்தில் பேச மறுத்துவிட்டார். துக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

ஷெர்லின் சபைக்குப் போவதை நிறுத்தினாள். ஜெபிக்க வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள், “காத்த அனுப்புனது யாரு? அலைய அனுப்புனது யாரு? அவராண்டயே போய் கேளுங்க, ஏன் அஞ்சு பேர வுட்டுட்டு ஒர்த்தர எடுத்துகினாருன்னு. என் வூட்டுக்காரரு இன்னா தப்பு பண்ணாரு?” பெண்கள் பதில் தெரியாமல் திரும்பிப் போனார்கள். பின்னால் நாற்காலியில் சுயம்பு உட்கார்ந்திருந்தார். பதில் தெரிந்த ஒரே ஆள்.

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம். ரேச்சல் தட்டின்முன் உட்கார்ந்து, அப்பா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையையும் கோத்து, கண்ணை மூடிக்கொண்டது. ஷெர்லின் கரண்டியைக் கீழே வைத்தாள். குழந்தையின் கோத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். “அதெல்லாம் வேணாம். துன்னு” என்றாள். குழந்தை தாத்தாவைப் பார்த்தது. சுயம்பு தட்டை விட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

ரோஸ்மேரி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் முதலில் சொன்னார், ஒன்றையும் விடாமல். தாள் வேர்த்ததை, சீட்டு உருவியதை, லுங்கியில் துடைத்ததை, தகட்டின் முதுகை. கேட்டுக்கொண்டே இருந்தவளின் கை எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

“ஷெர்லின்கிட்ட சொல்லப்போறேன்” என்றார்.

“சொல்லாதீங்க.” அவள் குரல் எழும்பவே இல்லை. “இஞ்ச பாருங்க, புருசன் போயாச்சு. இப்ப அப்பனும் இல்லாம ஆக்கப்போறீங்களா?”

“அவ ஆண்டவரத் திட்டுதா ரோஸ்.”

“திட்டிட்டுப் போட்டும். ஆண்டவரு தாங்கிக்கிடுவாரு. நீங்க தாங்கமாட்டீங்க.”

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். அதனாலேயே அவருக்கு மேலும் ஒரு மாதம் ஓடியது. அந்த ஒரு மாதமும் தகட்டுக்குமுன் போய் உட்கார்ந்து எழுந்து வந்தார். தூக்கம் போனது. ஒரு நாள் சாப்பிடும்போது, யாரும் ஒன்றும் கேட்காமலே, ரோஸ்மேரியிடம் சொன்னார்: “நோவாவுக்கு ஆண்டவரு மொதல்ல குடுத்தது அளவுதான். வாக்குத்தத்தம் அப்பறம். எத்தன வருசம் அதப் படிச்சேன். எனக்கும் அளவு குடுத்திருந்தாரு. பாலித்தீன் தாள்லயே எழுதிக் காட்டுனாரு. நான் அதத் துடச்சிட்டு பெட்டியில போய் வேற வார்த்த தேடுனேன். அது கீழ்ப்படிதலா? இப்ப என் வேலைக்கி அவரு பழி சொமக்காரு. அதயும் பாத்துக்கிட்டிருக்கேன்.”

ரோஸ்மேரி அவர் தட்டில் ரசம் ஊற்றினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்படும்போது, கீழ்வீட்டில் நின்று, ரேச்சலை மட்டும் கூட்டிப்போகிறேன் என்றாள். ஷெர்லின் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினாள். “கூட்டத்துக்காக இல்ல, முடிஞ்சப்பறம் ஐஸ்க்ரீம் வாங்கித் தரத்தான்” என்று சொல்லிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வழிவிட்டுப் போகிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

ஷெர்லின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுயம்பு போட்டோவுக்கு முன்னால் போய், தகட்டை எடுத்துத் திருப்பி, அவள்முன் தரையில் வைத்தார்.

“இன்னாப்பா பண்ற?”

“தடவிப் பாரு மக்ளே.”

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை வைத்துத் தடவினாள். “வழவழன்னு கீது.”

“வழவழன்னு இருக்கக் கூடாது” என்றார் சுயம்பு.

பிறகு சொன்னார். நின்றுகொண்டே சொன்னார், உட்காருவதற்கு அவருக்கு உரிமை இல்லை என்பதுபோல. வேலப்பன் மேலே பழி போடவில்லை. மழையின் மேலே போடவில்லை. மரம் ஈரம், எனக்குத் தெரியும், தெரிந்தே அடித்தேன் என்றார். ஷெர்லின் மடித்த துணியை மடியில் வைத்தபடி கேட்டாள். அழவில்லை. தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று, ஜனங்கள் குடத்தோடு ஓடுகிற சத்தம் எல்லாம் கேட்டு ஓய்ந்தது.

“அவருக்குத் தெரியுமா?” என்றாள்.

“கேட்டான். மாமா, மரம் காஞ்சிட்டான்னு கேட்டான்.”

“நீ இன்னா சொன்ன?”

“காஞ்சிட்டு மாப்ளன்னு சொன்னேன்.”

“அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?”

“ஒண்ணுஞ் சொல்லல. தலைய ஆட்டுனான். பேரு எழுதுறவரக் கூட்டியாறேன்னு போனான்.”

அவள் கையைத் தகட்டிலிருந்து எடுத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“அஞ்சு மாசமா நான் யாரத் திட்டிகினு இருந்தேன்னு தெரியுமா உனுக்கு?”

“தெரியும் மக்ளே.”

“தெரிஞ்சிகினேதான் பக்கத்துல குந்திகினு கேட்டுகினு இருந்தியா?”

அவள் போட்டோவைக் கழற்றிப் பையில் வைத்தாள், துணிகளை வைத்தாள். தகட்டை அங்கேயே விட்டுவிட்டாள். ரோஸ்மேரி வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு தன்னோடு வேலை செய்கிற ஜெரினாவின் திருவொற்றியூர் வீட்டுக்குப் போனாள். ஒரு வாரத்தில் அங்கேயே ஓர் அறை பார்த்துக்கொண்டாள்.

சுயம்பு அன்று மாலையே வேலப்பனிடமும் போய்ச் சொன்னார். வேலப்பன், “நான்தான் மாமு பக்கத்துல நின்னுகினே இருந்தேன்” என்றார். “நீ கேட்ட. நான்தான் காஞ்சிட்டுன்னு சொன்னேன்” என்றார் சுயம்பு. தப்பிய ஐந்து பேரிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னார். ஒருவன் சட்டையைப் பிடித்தான். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை. போதகரிடம் சொன்னபோது அவர் ஜெபிக்கலாம் என்றார். சுயம்பு, நீங்கள் ஜெபியுங்கள் ஐயா, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. ஆராதனை தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். ஷெர்லின் ரேச்சலைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெண்கள் பக்கம் தன் பழைய இடத்தில் முழங்காலிட்டாள். ஜெபம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. “என்ன மன்னிச்சிடுப்பா, ஒண்ணும் தெரியாம உன்ன எப்டியெல்லாம் பேசிட்டேன்” என்று அவள் சொன்னது இரண்டு வரிசை தள்ளி இருந்தவர்களுக்கும் கேட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சுயம்பு ஒரு கணம், ஒரே ஒரு கணம், தன்னைத்தான் கூப்பிடுகிறாளோ என்று நினைத்துவிட்டார். பாட்டின்போது ரோஸ்மேரி அவரைத் திரும்பிப் பார்த்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். ஜெயித்துவிட்டீர்கள் என்கிறாளா, மகள் போயாச்சு என்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

வெளியே வந்ததும் செருப்புக் குவியலுக்கு நடுவே ரேச்சல் ஓடி வந்து அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. “தாத்தா, நீ ஏன் எங்க வூட்டுக்கே வரல? அம்மா ஃபேன் வாங்கிகீது.”

அவர் குனிந்தார். அதற்குள் ஷெர்லின் பக்கத்தில் வந்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். உட்கார்ந்து, அவர் விரலைச் சுற்றியிருந்த குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்தாள்.

“வா, போலாம்” என்றாள் குழந்தையிடம். “வூட்டுக்குப் போய் ஜெபம் பண்ணிட்டு துன்னலாம். நீதான் ஜெபம் பண்ணணும் இன்னைக்கு.”

“நானா?”

“நீதான். அப்பா சொல்லிக்குடுத்தாருல்ல, அதேமாரி.”

பஸ் நிறுத்தம்வரை குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அவள் திரும்பவில்லை. அவர்கள் பஸ் ஏறிப் போனபிறகு சுயம்பு தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். தடைக்காலம் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. இந்த வருஷமும் ஒருவர் அவரை நம்பித் தன் படகைக் கரையேற்றியிருந்தார். அந்த மரத்தில் நேற்று ஒட்டிய தாளை உரித்துப் பார்க்க வேண்டும். காசிமேட்டுப் பக்கம் நடந்தார்.